கையில் இருக்கும் இரும்பு பொருளா, ஓட்டமா?

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உலகத்தில் பொருள் என்று ஒன்றுமே இல்லை, எல்லாம் மாறிக்கொண்டே ஓடும் நிகழ்வுகள்தான் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். நான் தினமும் பம்பு காஸ்டிங்கைச் சக்கில் மாட்டிக் கடைகிறேன், கையில் கெட்டியாகத்தானே இருக்கிறது? எது நிஜம்? எல்லாமே மாறுகிறது என்றால், மெஷின் லோனுக்குக் கையெழுத்துப் போட்ட ஆள் நான் இல்லை என்று பேங்கில் சொல்லிவிடலாமுங்களா?" கடைசி வரியை விளையாட்டாக எழுதியிருப்பார். ஆனால் கேள்வியில் கூர்மையான இடம் அதுதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

இது ஒரே கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எல்லாமே மாறுகிறதா என்பது ஒன்று. மாற்றம் நடக்கிறது என்றால் மாறுவதற்கென்று ஏதாவது ஒன்று அடியில் இருந்தாக வேண்டுமா என்பது இன்னொன்று. மாறிய பிறகும் 'இது அதேதான்' என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பது வேறு. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்கிறது, இரண்டாவதுக்கு 2500 வருடமாக இல்லை, மூன்றாவதில் பாதி நம் கையிலேயே இருக்கிறது. அந்த வீடியோக்காரர்கள் முதல் கேள்வியின் பதிலைக் காட்டி மற்ற இரண்டையும் ஜெயித்த மாதிரி பேசிவிடுகிறார்கள், அங்கேதான் குழப்பம். நான் ஈரோட்டுப் பக்கம் கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவன். இயற்பியல் எனக்குப் படித்தறிந்த விஷயம்தான், சோதனைக்கூடத்தில் செய்து பார்த்தவன் இல்லை. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் காஸ்டிங்கிலிருந்தே தொடங்கலாம். மைக்ரோமீட்டரில் விட்டம் 100 மில்லிமீட்டர் என்று அளக்கிறீர்கள். எந்தச் சூட்டில் 100? தொழில் அளவுகளுக்கு உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. வார்ப்பிரும்பு ஒரு டிகிரி சூடேறினால் மீட்டருக்கு 10, 11 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளும். ஏப்ரல் மத்தியானத்தில் தகரக் கொட்டகைக்குள் 30 டிகிரியைத் தாண்டும்போது உங்கள் 100 மில்லிமீட்டர் 10 மைக்ரானுக்கு மேல் பெருத்திருக்கும், டாலரன்ஸ், அதாவது அளவு விலக அனுமதித்த இடைவெளி, இறுக்கமாக இருந்தால் ஜாப் ரிஜெக்ட் ஆக அதுவே போதும். அப்புறம் உள்ளே தங்கிய இழுப்பு. வார்க்கும்போது மெல்லிய பகுதி முந்தி ஆறும், தடித்த பகுதி பிந்தி ஆறும், அதனால் ஆறி முடித்த பிறகும் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே நிற்கும். ஒரு பக்கம் தோலை எடுத்ததும் மறுபக்கம் கோணிக்கொள்வது அதனால்தான். முன்பெல்லாம் பெரிய மெஷின் பெட்டுகளை வார்த்து, மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்துவிட்டுத்தான் கடைசலுக்கு எடுத்தார்கள். இப்போது உலையில் 500, 600 டிகிரிக்குச் சூடேற்றி மெதுவாக ஆற விடுகிறார்கள். ஆக, நீங்கள் கெட்டி என்று சொல்வது பொய் இல்லை, ஆனால் அந்தக் கெட்டிக்குள் ஏகப்பட்டது நடந்துகொண்டிருக்கிறது. கெட்டி என்பதே அந்த நடப்பு சமநிலையில் நிற்கும் ஒரு விதம்.

உடம்பைப் பற்றி ஒரு சின்னத் திருத்தமும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சு வந்தாலே யாராவது "ஏழு வருடத்துக்கு ஒருமுறை உடம்பு முழுக்கப் புதுசாகிவிடுகிறது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அது தப்பு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது, குடலின் உள்தோல் சில நாட்களிலேயே மாறிவிடுகிறது, எலும்பில் வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு போல் புதுப்பிக்கப்படுகிறது. இதயத் தசை அப்படி இல்லை, 25 வயதில் வருடத்துக்குச் சுமார் 1 சதவீத செல்கள் மாறும், 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. பெருமூளையின் மேற்பட்டை நரம்பு செல்கள் பெரும்பாலும் நீங்கள் பிறந்தபோது இருந்தவையே. இதைக் கண்டுபிடித்த விதம் விசித்திரமானது: 1950களிலும் 60களிலும் திறந்தவெளியில் அணுகுண்டு சோதனை செய்தபோது காற்றில் கார்பன்-14 கூடிப்போய்ப் பிறகு மெல்லக் குறைந்தது, ஒரு செல்லின் டிஎன்ஏவில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து அந்த செல் பிறந்த வருடத்தைக் கணக்கிட்டார்கள். ஆனால் கவனியுங்கள், அந்தப் பழைய நரம்பு செல்லுக்குள்ளும் புரதங்கள் உடைந்து உடைந்து திரும்பக் கட்டப்படுகின்றன. மாறாத செல் என்றால் உள்ளே ஒன்றும் நடக்காத செல் என்று அர்த்தமில்லை.

சரி, அடிக்குப் போனால் அணுவாவது நிலையாக இருக்கிறதா? உங்கள் இரும்பில் 90 சதவீதத்துக்கு மேல் இரும்பு-56 வகை. அதன் பெரும்பகுதி நட்சத்திர வெடிப்புகளில் நிக்கல்-56 ஆகப் பிறந்து, சுமார் 6 நாள் அரை ஆயுளில் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம்) கோபால்ட்-56 ஆகி, அது சுமார் 77 நாள் அரை ஆயுளில் இரும்பானது. ஆன பிறகு அசைவதாக இல்லை. அதன் கருவில் இருக்கும் புரோட்டான் சிதைந்து இதுவரை யாரும் பார்த்ததில்லை, சிதைந்தாலும் அதன் ஆயுள் 1-க்குப் பின்னால் 34 பூஜ்ஜியம் போட்ட வருடங்களுக்கு மேல் என்றுதான் சோதனைகள் சொல்கின்றன. பிரபஞ்சத்தின் வயதே 1380 கோடி வருடம்தான். எனவே 'எல்லாமே அழிந்துகொண்டே இருக்கிறது' என்று அணுவரைக்கும் இழுத்துச் சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. அதே புரோட்டானை உள்ளே திறந்தால் கதை மறுபடி திரும்புகிறது. அதிலுள்ள குவார்க் என்ற மூன்று நுண்துகள்களின் சொந்த நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் சுமார் 1 சதவீதம்தான் வருகிறது. பாக்கியெல்லாம் அவற்றின் ஓட்டத்திலும் அவற்றைப் பிடித்துவைக்கும் புலத்திலும் இருக்கும் ஆற்றல். கிரேனில் தூக்கும் அந்தக் காஸ்டிங்கின் கனத்தில் பெரும்பங்கு நடப்பின் கனம். இது தத்துவக்காரன் கற்பனை இல்லை, அளந்து சரிபார்த்த இயற்பியல்.

இதெல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த சாட்சி எடைக்கல். 1889-ல் பாரிஸ் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில் பிளாட்டினமும் இரிடியமும் கலந்த ஒரு சிறு உருளையைக் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் வைத்து, இதுதான் கிலோகிராம் என்று உலகம் ஒப்புக்கொண்டது. மனிதன் செய்ததிலேயே ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டிய பொருள் என்றால் அதுதான். நூறு வருடத்தில் அதையும் அதன் பிரதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் 50 மைக்ரோகிராம் அளவுக்கு வித்தியாசம். வேடிக்கை என்னவென்றால், விதிப்படி அந்த உருளையே கிலோ, அதனால் அது மெலிந்துவிட்டது என்று சொல்லவே வழியில்லை, மற்றதெல்லாம் தடித்துவிட்டது என்றுதான் எழுத வேண்டும். கடைசியில் 2019 மே 20 முதல் அந்த உருளையை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற எண்ணை வைத்துக் கிலோவை வரையறுத்தார்கள். மீட்டருக்கும் அதே கதி: 1889-ல் ஒரு உலோகச் சட்டம், 1960-ல் கிரிப்டான் ஒளியின் அலைநீளம், 1983 முதல் ஒளி ஒரு நொடியின் 29,97,92,458-ல் ஒரு பங்கில் ஓடும் தூரம். அந்த நொடியோ 1967 முதல் சீசியம் அணுவோடு சேர்ந்த அலைவு 919,26,31,770 முறை நடக்கும் நேரம். நீங்கள் பிடித்திருக்கும் மைக்ரோமீட்டரின் வம்சத்தைத் தேடிப் போனால் அங்கே பொருள் எதுவும் உட்கார்ந்திருக்கவில்லை, ஒரு ஓட்டமும் ஒரு அதிர்வும் இருக்கின்றன.

இதைச் சொன்னதும் "பார்த்தீர்களா, ஓட்டம்தான் ஜெயித்தது" என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அதிர்வை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? எங்கே, எப்போது எண்ணினாலும் அதே எண் வருகிறது என்பதற்காக. மாறாதது காணாமல் போகவில்லை, அது உருளையிலிருந்து எண்ணுக்கு, கட்டியிலிருந்து உறவுக்கு இடம் மாறிவிட்டது. இந்த விவகாரத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: மாறாமல் இருப்பது வேறு, பொருளாக இருப்பது வேறு. பொருள் என்றால் மாறாமல் இருக்க வேண்டும் என்று யாரோ போட்ட நிபந்தனையை ஏற்றுக்கொண்டால்தான், மாறுவதைக் காட்டியதும் பொருள் செத்துப்போகும். அந்த நிபந்தனையை ஏற்க வேண்டிய கட்டாயம் எனக்குத் தெரிந்து இல்லை. அரிஸ்டாட்டில்கூட அப்படிச் சொல்லவில்லை. ஒரே ஆள் இப்போது நிற்கலாம், அப்புறம் உட்காரலாம், எதிரெதிரான குணங்களை மாறி மாறி ஏற்றுக்கொண்டும் அதுவாகவே இருப்பதுதான் பொருளின் அடையாளம் என்பது அவர் கட்சி.

அடுத்து இரண்டாவது கேள்வி, மாற்றத்துக்கு அடியில் மாறுகிற ஒன்று, ஒரு 'ஆள்', வேண்டுமா என்பது. இங்கே நிலம் வழுக்கும். தும்மல் இருந்தால் தும்மியவர் ஒருவர் இருப்பார், அது சரி. மின்னல்? முதலில் மின்னல் என்று ஒன்று சும்மா இருந்து, பிறகு அது மின்னுகிறதா என்ன? 19-ஆம் நூற்றாண்டு இயற்பியல்காரர்கள் இந்தப் பள்ளத்தில்தான் விழுந்தார்கள். ஒளி அலை என்றால் அலைவதற்கு ஏதோ ஒன்று வேண்டுமே என்று ஈதர் என்ற ஒன்றை வெளி முழுக்க நிரப்பி வைத்தார்கள். 1887-ல் மைக்கல்சன், மார்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் தேடியபோது அதன் தடயமே கிடைக்கவில்லை, 1905-ல் ஐன்ஸ்டைன் அது தேவையே இல்லை என்று காட்டிவிட்டார். அடியில் ஆள் இல்லாமல் ஓட்டம் சாத்தியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் பொருள் கட்சிக்காரர் சும்மா இருப்பாரா? "ஈதர் போனது, மின்காந்தப் புலம் வந்தது, அந்தப் புலம்தான் ஆள்" என்பார். எலக்ட்ரானும் அப்படியே. இன்றைய கோட்பாட்டில் அது ஒரு புலத்தின் கிளர்ச்சி, ஒரு எலக்ட்ரானுக்கும் இன்னொன்றுக்கும் எந்த அடையாள வித்தியாசமும் இல்லை, இரண்டை இடம் மாற்றினால் 'மாற்றினேன்' என்று சொல்லவே இடமில்லை. இது பொருள்வாதத்துக்குப் பெரிய அடி என்கிறார்கள் ஒரு சாரார், குட்டிக் குண்டுகள்தான் போயின, புலம் என்ற பெரிய பொருள் இருக்கிறதே என்கிறார்கள் மற்றவர்கள். சமன்பாடு இரண்டு பேருக்கும் ஒன்றே. சோதனை செய்து தீர்க்கிற சண்டையாக இது இன்னும் ஆகவில்லை, ஆகுமா என்பதே சந்தேகம். 1929-ல் ஒயிட்ஹெட் என்ற கணிதக்காரர் உலகம் முழுவதையும் பொருளை விட்டுவிட்டு நிகழ்ச்சிகளால் கட்டிக் காட்டினார். 1959-ல் ஸ்ட்ராசன் என்ற ஆங்கிலத் தத்துவக்காரர், நிகழ்ச்சிகளை இது, அது என்று சுட்டுவதற்கே வெளியில் நிலைத்து நிற்கும் உடல்கள் வேண்டும் என்று வாதாடினார். நாம் எப்படி அடையாளம் காண்கிறோம் என்பதற்கு ஸ்ட்ராசன் சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நாம் அடையாளம் காணும் வழி உலகத்தின் கட்டுமானமாக இருந்தாக வேண்டும் என்று ஏன்? என் சாய்வு ஓட்டத்தின் பக்கம். நிரூபித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

இந்தச் சண்டையைக் கிரேக்கத்திலிருந்து இறக்குமதி செய்ததாக நினைக்க வேண்டாம். பெருந்துறையிலிருந்து திருப்பூர் போகும் வழியில் விஜயமங்கலத்தில் இன்னும் நிற்கும் சமணக் கோயிலைப் பார்த்திருப்பீர்கள், கொங்கில் ஒரு காலத்தில் சமணம் எவ்வளவு ஊன்றியிருந்தது என்பதற்கு அது மிச்சம். பௌத்தர்கள் சொன்னது: எதுவும் கணம்தான், ஒரு கணம் அழிந்து அடுத்த கணம் பிறக்கிறது, தொடர்ச்சியைப் பார்த்து நாம் பொருள் என்கிறோம். சமணர்கள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கணந்தோறும் எல்லாம் அழிந்தால் வினை செய்தவன் ஒருவன், பலனை அனுபவிப்பவன் வேறொருவன் ஆகிவிடுமே என்றார்கள், தமிழில் நீலகேசி என்ற சமணக் காப்பியம் பௌத்தர்களோடு மல்லுக்கு நிற்பதில் இதுவும் ஒரு முக்கியமான இடம். சமணர் கட்சி என்னவென்றால், இருப்பது என்றாலே தோன்றுவது, அழிவது, நிலைப்பது மூன்றும் ஒரே நேரத்தில் அதில் உண்டு. சமந்தபத்திரர் என்ற சமண ஆசிரியர் சொன்ன உதாரணம் பிரபலம்: பொன் குடத்தை உருக்கிக் கிரீடம் செய்கிறார்கள், குடம் வேண்டியவனுக்கு வருத்தம், கிரீடம் வேண்டியவனுக்குச் சந்தோஷம், பொன் வேண்டியவனுக்கு இரண்டுமில்லை. உடைந்த பம்பை ஸ்க்ராப்பில் போட்டு உருக்கும்போது உங்கள் தெருவிலேயே மூன்று பேரும் நிற்பார்கள். சைவ சித்தாந்தம் இன்னொரு திசையில் போகிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார், அவன் அவள் அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது என்பதிலிருந்தே தொடங்குகிறார். மாற்றத்தை மறுக்கவில்லை, மாற்றத்தைக் காட்டியே மாறாத ஒன்றுக்குப் போகிறார். அந்தத் தாவல் செல்லுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் உலகம் ஓடுகிறது என்பதில் இவர்கள் யாரும் ஏமாந்திருக்கவில்லை.

மூன்றாவது கேள்விக்கு, 'அதே' என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதற்கு, நம் பக்கத்துக் காலிங்கராயன் வாய்க்கால்தான் எனக்கு எப்போதும் ஞாபகம் வரும். அதுவும் மெய்கண்டாரின் அதே நூற்றாண்டு, 1283-ல் முடிந்தது என்று சொல்வார்கள். பவானியில் தொடங்கி ஈரோடு வழியாகக் கோணிக் கோணிச் சுமார் 90 கிலோமீட்டர் போய் ஆவுடையார்பாறை பக்கம் நொய்யலில் சேர்கிறது. இன்றைக்கு அதில் ஓடும் தண்ணீர் நேற்றையது இல்லை. கரை மண்ணும் எத்தனையோ முறை சரிந்து, கட்டி, திருத்தப்பட்டது. அப்படியானால் 700 வருடத்து வாய்க்கால் என்று எதைச் சொல்கிறோம்? தண்ணீரை என்றால், அடைப்புக் காலத்தில் வாய்க்கால் இல்லாமல் போய்விட வேண்டும், போவதில்லை. மண்ணை என்றால், தூர்வாரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு வாய்க்கால் ஆகிக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் இல்லை. எனக்குத் தோன்றுவது, மதகு திறப்பது, முறை வைத்துப் பாய்ச்சுவது, தூர்வாருவது, ஆயக்கட்டுக்காரர்கள் சண்டை போட்டுப் பிறகு சேர்ந்துகொள்வது, இது விடாமல் நடப்பதுதான் அந்த வாய்க்காலின் இருப்பு. ஐம்பது வருடம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் அதே தடத்தில் பள்ளம் ஒன்று கிடக்கும், அதை வாய்க்கால் என்பதா, வாய்க்கால் இருந்த இடம் என்பதா என்று நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கும். மூன்றாவது கேள்வியில் பாதி நம் கையில் என்றது இதைத்தான். மறு பாதி நம் கையில் இல்லை, ஏனென்றால் தண்ணீர் மேட்டில் ஏறாது, எங்கே வெட்டினாலும் வாய்க்கால் ஆகிவிடாது.

இதே இடத்தில் ஹெராக்ளிட்டஸ் என்ற பழைய கிரேக்கத் தத்துவக்காரரையும் காப்பாற்றிவிடலாம். "ஒரே ஆற்றில் இரண்டு முறை இறங்க முடியாது" என்று அவர் சொன்னதாக எல்லாரும் எழுதுகிறார்கள், அது பிளேட்டோவும் பின்னால் வந்தவர்களும் சொல்லிக்கொடுத்த வடிவம். அவருடைய வார்த்தை என்று ஆய்வாளர்கள் அதிகம் நம்பும் துணுக்கில், அதே ஆறுகளில் இறங்குகிறவர்கள் மேல் வேறு வேறு தண்ணீர் பாய்கிறது என்றுதான் இருக்கிறது. ஆறு அதே ஆறுதான். தண்ணீர் மாறாமல் நின்றுவிட்டால்தான் அது குட்டையாகிவிடும். கி.மு. 500 வாக்கில் வாழ்ந்த ஒருவருக்கு இவ்வளவு தெளிவு இருந்திருக்கிறது, 'ஒன்றுமே நிலையில்லை' என்று அவர் பேரில் சுவரொட்டி அடிப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இப்போது உங்கள் லோன். இந்தத் தந்திரத்தை உங்களுக்கு முன்பே ஒருவன் முயன்று பார்த்துவிட்டான். மிலிந்தன் என்ற கிரேக்க அரசனுக்கும் நாகசேனர் என்ற பௌத்தத் துறவிக்கும் நடந்த உரையாடலாக ஒரு பாலி நூல் இருக்கிறது. அதில் நாகசேனர் ஒரு மாங்காய்த் திருடனைக் கொண்டுவருகிறார். "நீங்கள் நட்ட மாங்கொட்டை வேறு, நான் பறித்த பழம் வேறு, எனக்கு ஏன் தண்டனை?" என்கிறான் அவன். இந்தப் பழம் அந்தக் கொட்டையிலிருந்து தொடர்ந்து வந்ததுதானே, ஆகவே குற்றவாளிதான் என்று அரசனே ஒப்புக்கொள்கிறான். எல்லாம் கணம் என்று சாதிக்கிற கட்சிக்காரர்களே கடனைத் தள்ளுபடி செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டமாக இருப்பது பொறுப்பிலிருந்து தப்பும் வழி ஆகாது, காரண காரியமாகத் தொடர்ந்து வந்த ஓட்டம் எது என்று பார்த்தால் போதும். தவிர, நீங்கள் மாறிவிட்டீர்கள் என்றால் லோனும் அன்றைய லோன் இல்லை, வட்டி ஏறி, தவணை கழிந்து, மேனேஜரும் இரண்டு பேர் மாறியிருப்பார்கள்.

இதில் நிஜமாகவே சந்தேகமான ஓரம் ஒன்று உண்டு. தொடர்ச்சிதான் 'அதே ஆள்' என்பதற்கு ஆதாரம் என்றால், தொடர்ச்சி கூடவும் குறையவும் செய்யும். வயதான காலத்தில் நினைவு முழுக்கப் போய், குணமும் மாறிப்போன ஒருவர் அதே ஆளா என்று வீட்டில் இருப்பவர்கள் தவிக்கிறார்களே, அங்கே ஓட்டக் கட்சி 'ஆம்' 'இல்லை' என்று ஒரே சொல்லில் பதில் தராது, பொருள் கட்சி தரும். அந்தப் பதில் சரியா என்பது வேறு விஷயம். சட்டம் புத்திசாலித்தனமாக அந்தக் குழிக்குள் இறங்குவதில்லை. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 12, ஒப்பந்தம் செய்த நேரத்தில் அதைப் புரிந்துகொண்டு முடிவெடுக்கும் தெளிவு இருந்ததா என்று மட்டும் கேட்கிறது. மெஷின் வாங்கும் ஆசையில் போட்ட கையெழுத்தும் அந்தத் தெளிவில் சேர்த்திதான், அதனால் அந்த வழியாகவும் தப்ப முடியாதுங்க.